வெள்ளி நாக்கு எந்தக் கடையில வாங்கினது என்று கேட்ட மகனுக்கு

சாமி செந்திலு,

ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, "அம்மா, எனக்காக அப்பா பழனிக்கு வெள்ளி நாக்கு கொண்டுபோனாரே, அது எந்தக் கடையில வாங்குனதுங்க?"ன்னு கேட்டே. அடுப்புல பால் பொங்குதுன்னு சொல்லி நான் போனை வச்சுட்டேன். அடுப்புல பாலும் இல்லை, ஒண்ணும் இல்லை. இத்தனை வருசமா உன்கிட்ட நான் சொன்ன பொய்யில அதுவே கடைசியா இருக்கட்டும். நீ கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன். கீழ மார்க்கெட்டுல பாத்திரக் கடைக்குப் பக்கத்துல ஒரு சின்ன நகைக் கடை இருந்துச்சு, அங்கதான் வாங்குனோம். அது இப்போ செல்போன் கடை ஆயிடுச்சு. ஆனா நீ வேற கடை தேடிக்கிட்டு அலையவேண்டாம். உனக்குப் பேச்சு வந்தது அந்த வெள்ளி நாக்குனால இல்லை. கோயமுத்தூர்ல ஒரு டாக்டர் உன் நாக்குக்கு அடியில இருந்த சவ்வை வெட்டிவிட்டாரு. கூட்டிட்டுப் போனது நான். உங்கப்பாவுக்குத் தெரியாமக் கூட்டிட்டுப் போனேன்.

இதை எழுதி முடிச்சதும் பக்கம் பக்கமாப் படம் பிடிச்சு நம்ம ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கற வாட்ஸப் குரூப்புலயும் போடப்போறேன். மானம் போகுதுன்னு நீ குதிப்பே. நல்லாக் குதி. கல்யாண வீடு, காதுகுத்துன்னு ஒவ்வொரு இடத்துலயும் உட்கார்ந்து, "எங்க செந்திலுக்கு முருகன்தான் நாக்கைக் கொடுத்தான்"ன்னு நான் கதை சொன்னப்போ யாரும் மானத்தைப் பத்திப் பேசலையே. ஊருக்கே சொன்ன பொய்யை உன் காதுல மட்டும் ரகசியமாச் சொல்லித் திருத்துனா அது திருத்துனதாகுமா? வயசு அறுபதைத் தாண்டியாச்சு. இனி யாருக்குப் பயப்படணும் நான்?

இப்போ எதுக்கு இதையெல்லாம் கிளறுறேன்னு கேப்பே. தருணுக்காக. உன் மகனுக்கு நாலரை வயசு. ஸ்கூல்ல பேர் கேட்டா "தயுண்"ங்கறான், புள்ளைங்க சிரிக்குது, அவன் பள்ளிக்கூடத்துல வாயையே திறக்கறதில்லைன்னு ஆயிடுச்சு. உன் பொண்டாட்டி கவிதா லீவு போட்டு, கூடலூர்ல இருந்து கோயமுத்தூர் வரைக்கும் அவனைக் கூட்டிட்டுப் போயி முறையா எல்லாம் பார்த்துட்டு வந்திருக்கா. முதல்ல காதைச் சோதிச்சாங்களாம், காது நல்லா இருக்கு. அப்புறம் பேச்சுப் பயிற்சி தர்ற அம்மா ரெண்டு மூணு தடவை உட்கார்த்தி வச்சுப் பார்த்தாங்களாம். நாக்கு ஒட்டியிருக்கற எல்லாக் குழந்தைக்கும் வெட்டவேண்டியது இல்லை, பாதிப் புள்ளைங்க அப்படியே நல்லாப் பேசும், ஆனா இவனுக்கு நாக்கு நுனி மேல் பல்லைத் தொடவே மாட்டேங்குது, இவனுக்குச் செய்யறதுதான் நல்லதுன்னு சொல்லியிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை நாளும் குடுத்திருக்காங்க. நீ என்ன சொன்னே? "எங்க குடும்பத்துல கத்தி கிடையாது, எனக்கும் இதேதான் இருந்துச்சு, பழனிக்கு நடந்தா போயிடும்"னு சொன்னே.

கவிதா எனக்குப் போன் பண்ணி மூணு வாரம் ஆச்சு. அவ அழலை, கோவமாத்தான் பேசுனா. "அத்தை, நான் உங்களை நம்பிக் கேக்கறேனுங்க. அவருக்கு நெசமாலுமே வேண்டுதல்லதான் சரியாச்சுங்களா?"ன்னு கேட்டா.  "ஆமா கண்ணு, முருகன் செயல்தான்"னு சொன்னேன். கேட்டியா, என் வாயி சொன்னதை! அந்தப் புள்ளை "சரிங்க அத்தை"ன்னு வச்சுட்டா. நான் செஞ்சதுலயே கேவலமான காரியம் அதுதான். கத்திக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. கவிதாகிட்டச் சொன்ன அந்த "ஆமா"வுக்குத்தான் மூணு வாரமா சோறு இறங்கலை.

உனக்கு அஞ்சு வயசு அப்போ. உனக்கு ஞாபகம் இருக்கறது கொஞ்சம்தான். நான் பஜார்ல பேக்கரியில கவுண்டர்ல நின்னேன். ஸ்கூல் விட்டதும் நீ நேரா அங்க வந்துருவே. வர்க்கி பிஸ்கட்டு வேணும்னு கேக்க உனக்கு வராது, "வக்கி, வக்கி"ன்னு கேப்பே. ஸ்கூல்ல அதுவே உனக்குப் பட்டப்பேர் ஆயிடுச்சு, "டேய் வக்கி"ன்னு ரோட்டுல கத்துவானுங்க. ரயில்னா உனக்கு உசுரு. ஸ்டேஷன் பாலத்துல நின்னு மலை ரயிலைப் பார்த்து "யயி, யயி"ன்னு குதிப்பே. ஒரு நாள் டீச்சர் உன்னை எந்திரிச்சுப் பாட்டுச் சொல்லச் சொன்னாங்க. நீ ஆரம்பிச்சதும் கிளாசே சிரிச்சுது. அன்னையோட நிறுத்திட்டே. அந்த டேர்ம் முழுக்க ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசலை நீ. தண்ணி வேணும்னா விரலைக் காட்டுவே. வீட்டுல மட்டும் என்கிட்ட முணுமுணுப்பே.

அதுல என் தப்பு என்னன்னு கேளு. யாராவது உன்னைப் பார்த்து "உன் பேர் என்ன கண்ணு"ன்னு கேட்டா, நீ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் "செந்தில்"னு சொல்லிருவேன். "என்ன படிக்கறே", "ஒண்ணாங்கிளாஸ்". "சாப்பிட்டியா", "சாப்பிட்டான்". உன் வாயாவே நான் ஆயிட்டேன். பாசம்னு நெனைச்சேன். பாசம் பாதி, வெக்கம் பாதி. நீ பேசுனா அவங்க மூஞ்சி மாறுமே, அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போ நீ தருணுக்கு அதையே செய்யறே. போன மாசம் இங்க வந்தப்போ பார்த்தேனே, பக்கத்து ஊட்டுக்காரங்க அவனைக் கேட்ட அத்தனை கேள்விக்கும் நீதானே பதில் சொன்னே.

உங்கப்பா கெட்டவர் இல்லை, அதையும் எழுதணும். ஃபேக்டரியில வெடிமருந்துக்கு நடுவுல நாளெல்லாம் நின்ன மனுசன், டாக்டர் கையில இருக்கற இத்துனூண்டு கத்தரியைக் கண்டா நடுங்குவாரு. காரணம் இருந்துச்சு. அவரோட தம்பியை எட்டு வயசுல தொண்டை ஆபரேஷன்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க. மயக்கம் குடுத்தது தெளியவே இல்லை. துணியில சுத்தித் தூக்கிட்டு வந்ததை இவரு வாசல்ல நின்னு பார்த்திருக்காரு. "வாயிக்குள்ள கத்தி வைக்கறதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், என் பொணத்து மேலதான்"னு சொல்லிட்டாரு. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரின்னு பேச்செடுத்தாலே சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிருவாரு. கடைசியா அவரே ஒரு வழி கண்டுபிடிச்சாரு. தைப்பூசத்துக்கு ஃபேக்டரிக் கூட்டத்தோட பழனிக்கு நடக்கறது, வெள்ளியில நாக்குச் செஞ்சு உண்டியல்ல போடறது. நாம ரெண்டு பேரும் கூடப் போய்த்தான் அதை வாங்குனோம். நீ அதைக் கையில வச்சுப் பார்த்துட்டு உன் நாக்கை நீட்டிப் பார்த்தே. அது முழு நாக்கா இருந்துச்சு. உன்னோடது நீட்டுனா நுனி நடுவுல பிளந்துக்கிட்டு உதட்டைத் தாண்டாது.

பச்சை வேட்டி கட்டிக்கிட்டு, மஞ்சத் துணியில அந்த வெள்ளியை முடிஞ்சு இடுப்புல வச்சுக்கிட்டு அவரு கிளம்புனாரு. மலையில தை மாசக் குளிரு, பல்லு அடிச்சுக்குது. போற நேரத்துல உன்னைத் தூக்கி, "நான் வர்றப்போ அப்பான்னு வாய் நிறையக் கூப்பிடணும்"னாரு. நான் அவரு வளைவு திரும்பற வரைக்கும் கும்பிட்டுக்கிட்டே நின்னேன். நெசமாத்தான் கும்பிட்டேன். "முருகா, இந்த மனுசனை எட்டு நாள் பத்திரமா நடக்க வை, நான் என் வேலையை முடிச்சுக்கறேன்"னு கும்பிட்டேன். அடுத்த பஸ்ஸுல நீயும் நானும் மேட்டுப்பாளையம் உன் மாமன் ஊட்டுக்கு இறங்கிட்டோம். மறுநாள் கோயமுத்தூர். ஆமா, சாமிக்கு நேந்துக்கிட்டு நடக்கற புருசன் முதுகுக்குப் பின்னால நான் அதைச் செஞ்சேன். குரூப்புல படிக்கறவங்க என்ன சொல்றீங்களோ சொல்லுங்க. இன்னொரு தடவை அந்தக் காலம் வந்தாலும் அதேதான் செய்வேன்.

ஆனா ஒண்ணு மட்டும் வேற மாதிரி செய்வேன். உன்கிட்டச் சொல்லிட்டுப் போவேன். "கீழ பெரிய ரயில் பார்க்கப் போறோம்"னு சொல்லித்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன். நீ ஆஸ்பத்திரிப் பெஞ்சுல உட்கார்ந்து ரயில் எப்போ வரும்னு கையைக் காட்டிக் காட்டிக் கேட்டே. கண்ணு முழிச்சப்போ வாயில ரத்தம், நாக்குக்கு அடியில தையல். அழுதுக்கிட்டே என்னை ஒரு பார்வை பார்த்தே பாரு. அய்யோ சாமி, அந்தப் பார்வைக்கு நான் இன்னைக்கு வரைக்கும் பதில் சொல்லலை. அஞ்சு வயசுப் புள்ளைக்குச் சொன்னாப் புரியும். வலிக்கும், அம்மா பக்கத்துலயே இருப்பேன், ரெண்டு நாள்ல ஆறிரும்னு சொல்லியிருந்தாப் போதும். தருண்கிட்ட ரயில் கதை விடாதே.

அப்புறம் அந்த டாக்டர் சொன்னதைச் சொல்றேன், இதுதான் உனக்கு முக்கியம். "அம்மா, நான் வெட்டுனது அரை வேலைகூட இல்லை. நாக்கு இத்தனை வருசம் ஒரே மூலையில கிடந்து பழகிருச்சு. அதுக்கு மேல போகத் தெரியாது. நீங்கதான் நடக்கப் பழக்கணும்"னாரு. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் வரச்சொன்னாங்க. திருட்டுத்தனமா வந்தவ எப்படி வாராவாரம் வருவேன்? என்ன செய்யணும்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டு, மனசுல ஏத்திக்கிட்டு வந்தேன். புண்ணு ஆறுனதும் பேக்கரி பின்கட்டுல மாவு மூட்டைக்குப் பக்கத்துல உன்னை உட்கார வச்சுத் தொடங்குனேன். மேல் உதட்டுல தேன் தொட்டு வைப்பேன், நாக்காலயே நக்கி எடுக்கணும். வர்க்கித் தூளை மேல் அண்ணத்துல ஒட்டிவிடுவேன், விரல் போடாம நாக்காலயே வழிச்சு எடுக்கணும். குதிரை ஓடற மாதிரி டக்கு டக்குன்னு சத்தம் போடணும். அப்புறம் "ல ல ல", அப்புறம் "லட்டு", அப்புறம்தான் மத்தது. நீ சலிச்சுக்குவே, அழுவே, வர்க்கியைத் தூக்கி எறிவே. ரொட்டி போடற மாஸ்டர் வந்து, "ஏனுங்கக்கா, பையனுக்குத் தீனி போடறீங்களா, தண்டனை குடுக்கறீங்களா?"ன்னு சிரிப்பாரு. ஊட்டுல கேட்டா விளையாட்டுன்னு சொல்லிக்குவேன். அந்த அஞ்சு மாசம் யாரு உன்னைக் கேள்வி கேட்டாலும் என் வாயை நான் பல்லால கடிச்சுக்கிட்டு நின்னேன். நீ திக்கித் திணறி முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கலை. வெட்டுனதைக் காட்டிலும் அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

உங்கப்பா பழனியில இருந்து வந்தப்போ காலெல்லாம் கொப்புளம். பஞ்சாமிர்தத்தை விரல்ல எடுத்து உன் நாக்குல வச்சாரு. நீ எரியுதுன்னு துள்ளுனே. "வாய்ப்புண்ணுங்க, சூடு"ன்னு சொன்னேன். உனக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி நம்ப வச்சேன். ஆடி மாசம் ஒரு சாயங்காலம் மூணு பேரும் ஸ்டேஷன் பாலத்துல நிக்கறோம், மழை தூறுது. வண்டி புகையோட வந்துச்சு. நீ கையை நீட்டி "ரயில்"னே. திரும்பவும் "அப்பா, ரயிலு, ரயிலு வருது"ன்னே. அந்த மனுசன் அங்கயே, அத்தனை சனத்துக்கு நடுவுல, பழனி இருக்கற திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கதறுனாரு. அந்த நேரத்துல நான் போயி, "இல்லீங்க, நான்தான் வெட்டிட்டு வந்தேன்"னு சொல்லியிருக்கணுமா? சொல்ல வாய் வரலை. அது மேல எனக்கும் ஒரு ருசி வந்துருச்சு. "பக்தியான பொம்பளை, அவ வேண்டிக்கிட்டா நடக்கும்"னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பேரு எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அந்தப் பேருக்கு வேற ஒரு புள்ளை ரெண்டு வருசத்தைத் தொலைச்சுது. காரமடை சுமதி, உங்கப்பாவோட தங்கச்சி பொண்ணு, குரூப்புல இதைப் படிப்பா. அவ மகளுக்கு மூணு வயசாகியும் பேச்சு இல்லைன்னு என்கிட்ட வந்தா. நான் பெரிய மனுசியாட்டம், "வெசனப்படாதே, வெள்ளி நாக்கு வாங்கிப் போடு, எங்களுக்கு ஆகலையா"ன்னு சொல்லி அனுப்புனேன். அஞ்சு வயசுலதான் கண்டுபிடிச்சாங்க, அந்தப் புள்ளைக்கு நாக்குல ஒரு குறையும் இல்லை, காதுதான் கேக்கலை. மெசின் வச்சதும் பேச்சு வந்துச்சு, ஆனா ரெண்டு வருசம் போனது போனதுதான். சுமதி, நீ என்னை இப்போ திட்டணும்னா குரூப்புலயே திட்டு. நான் வெளிய போகமாட்டேன்.

உங்கப்பாகிட்ட நாலு நாளைக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவருக்குத் தெரியாம இனி ஒரு காரியமும் இந்த ஊட்டுல நடக்கக்கூடாதுன்னு சொன்னேன். மனுசன் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாரு. அன்னையில இருந்து என் கையால டீ வாங்கறதில்லை, தானே போட்டுக் குடிக்கறாரு, சக்கரை அள்ளிக் கொட்டிக்கறாரு. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு டீவி பார்க்கறாரு. நேத்து மத்தியானம்தான் வாயைத் திறந்தாரு. திரும்பாமலே கேட்டாரு, "அப்போ நான் வருசா வருசம் முழங்கால் போற வரைக்கும் நடந்தது எல்லாம் என்னத்துக்கு?"  நான் சொன்னேன். "ஏனுங்க, மொத வருசம் நீங்க நடக்கலீன்னா நான் கீழ இறங்கியிருக்க முடியாதுங்க. நீங்க நடந்த எட்டு நாள்லதான் உங்க மகனுக்கு நாக்கு வந்துச்சு." அவரு டீவி சத்தத்தை மட்டும் குறைச்சாரு.

சாமி, நான் பழனியை வேண்டாம்னு சொல்லலை. வேண்டிக்கோ, நட, காவடி எடு, மொட்டை போடு. எல்லாத்தையும் செய், ஆனா வியாழக்கிழமைக்கு அப்புறம் செய். பயமா இருந்தா டாக்டர்கிட்ட வாயைத் திறந்து கேளு. மயக்கம் எப்படிக் குடுப்பாங்க, யாரு பக்கத்துல இருப்பாங்க, பையனுக்குச் சளி இருந்தாத் தள்ளிப் போடலாமான்னு எல்லாத்தையும் கேளு. உங்கப்பா கேக்காம ஓடுன கேள்வி எல்லாம் அது. கேட்டா அவங்க சொல்லுவாங்க. வெட்டுன பின்னால வாராவாரம் பயிற்சிக்கு நீயும் போகணும், கவிதா தலையில மட்டும் கட்டாதே. அவ தருண் காதைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, நாளு வாங்கற வரைக்கும் ஒத்தை ஆளா ஓடியிருக்கா. நான் திருட்டுத்தனமாச் செஞ்சதை அவ நேர் வழியில, உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுச் செய்யறா. அவளைப் போயி நீ "டாக்டர் பைத்தியம்"னு சொன்னியாமே. உன் அம்மாவும் அதே பைத்தியம்தான், அதனாலதான் நீ இன்னைக்கு பேங்கு கவுண்டர்ல உட்கார்ந்து நாள் பூராப் பேசிச் சம்பாதிக்கறே.

புதன்கிழமை காலைல கூடலூர் பஸ்ஸுல நான் வர்றேன். ஒளிஞ்சு வரலை, இதோ எழுத்துலயே சொல்லிட்டுத்தான் வர்றேன். நீ கூட வந்தா சந்தோசம். வரலீன்னா கவிதாவும் நானும் தருணைக் கூட்டிட்டுப் போவோம், நீ வாசல்ல நின்னு வேணாம்னு சொல்லு, உன்னைத் தாண்டித்தான் போவோம். இன்னைக்குக் காலைல உங்கப்பா முழங்கால் பட்டையை எடுத்துப் பைக்குள்ள வச்சாரு. பழனிக்கா கூடலூருக்கான்னு நான் கேக்கலை.

நான் சொல்றதை நம்பமுடியலீன்னா ஒண்ணு செய். போயிக் கண்ணாடி முன்னால நில்லு. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கி மேல் அண்ணத்துல ஒட்டு. உனக்கு முடியுதில்ல, தருணுக்கு அதுதான் முடியலை. நாக்குக்கு அடியில நடுவால பாரு, நூல் தடிப்புக்கு ஒரு வெளுத்த கோடு இருக்கும். முப்பது வருசமா உன் வாயிக்குள்ளயே கிடக்குது, நீ ஒரு நாளும் பார்க்கலை. பார்த்துட்டு தருணைத் தூக்கி அவனுக்கும் காட்டு. "அப்பாவுக்கும் இங்க வெட்டுனாங்கடா, வலிச்சுது, அழுதேன், அப்புறம் சரியாப் போச்சு"ன்னு சொல்லு. உனக்கு நான் சொல்லாம விட்டது அதுதான். அவனுக்கு நீ சொல்லு.

அம்மா